எழுத்துக்கூட்டத் தெரியாத தேசப்படம்

கண்டி நகரின் மூன்று புறமும் மகாவலி கங்கை வளைந்தோடுகின்றது; எஞ்சிய தென்புறத்தில் ஹந்தானை மலைத்தொடர் காவல் நிற்கின்றது. இவ்வியற்கை அரண் போதாதென்று கண்டி மன்னர் பாதைகளை அகலப்படுத்தவும் இடங்கொடாதிருந்தனர். 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பிச் சென்ற ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் இதனைக் குறிப்பிடுகின்றார். அந்நூலோடு ஒரு தேசப்படமும் வந்தது. ஒளித்து வைக்கப்பட்ட இராச்சியம் ஒன்று, அங்குச் சிறையிருந்தவனின் நினைவினூடாகவே தாளில் ஏறியது எனலாம். 1800இல் கரையோரப் பகுதிகளிற் பணி தொடங்கிய நில அளவைத் திணைக்களம், 1815இற் கண்டி ஆங்கிலேயர் வசமான பின்னர் மலைநாட்டினுள்ளும் புகுந்தது. நாளடைவில் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் தேசப்படங்கள், அஃதாவது 1:63,360 என்ற அளவுத்திட்டப் படங்கள், தாள்தாளாக அச்சேறின. அத்தாள்களோடு பழகிய புவியியல் மாணவர் எவரும் ஒரு மனக்குறையை அறிவர். தேடும் ஊர் எப்போதும் இரு தாள்களின் விளிம்பிலேயே வந்து விழும்.

அத்தாள்களின் இடத்தை இன்று கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. பெருவிரலால் நகர்த்தக்கூடிய இத்தேசப்படம் எங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றது, எவ்வாறு வந்து சேருகின்றது, யார் அதனை வரைகின்றார் என்ற வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. அவை எழுவதற்குப் பிழையொன்று நேரவேண்டியிருக்கின்றது.

2026ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவி ஒருத்தி ஊர் சென்றிருந்தாள். பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டை செல்லும் பாதையில், பிரதான வீதியிலிருந்து விலகி மேலேறினால் அவளது தோட்டம். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டமும் அப்பக்கத்து மலைகளிலேதான் உள்ளது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் கடந்து ஒன்றரை மாதமே ஆகியிருந்தது. கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டிருந்தன. மலைச்சரிவுகளிற் சிவந்த காயங்கள் ஆறாதிருந்தன. பேத்தி படிக்கும் இடம் எவ்வளவு தொலைவில், எந்த மலைக்கு அப்பால் இருக்கின்றது என்ற கவலை அப்பாயிக்கு அப்போதுதான் ஏற்பட்டது. தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு வரை படித்த அப்பாயி எழுத்துக்கூட்டி வாசிப்பார். மாணவி தனது கைத்தொலைபேசியிலே தமிழிற் பெயர்களைக் காட்டும் தேசப்படம் ஒன்றைத் திறந்து, பேராதனையைச் சுட்டிக் கொடுத்தாள்.

அப்பாயி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை வைத்து, "ப… ரோ… த… ன…" என்று கூட்டினார். பின் நிறுத்தி, "கடைசியில என்னமோ தனியா நிக்குதே, புள்ள" என்றார். மாணவி, "அது பேராதனை, அப்பாயி" என்றாள்.

"பேராதனையா? யாரு இத எழுதினது? எழுத்துக்கூட்டத் தெரியாதவனா?"

மாணவி உற்று நோக்கினாள். அப்பாயியின் வாசிப்பிற் பிழையில்லை. பகரத்தின் முன் நிற்கவேண்டிய இரட்டைக் கொம்பு அதன் பின்னே விழுந்திருந்தது. பின்னே விழுந்த கொம்பு அடுத்து வந்த ரகரத்தின் முன்னே நின்றது; ரகரத்தின் பின்னே முறைப்படி அரவு நின்றது. கொம்பும் ரகரமும் அரவும் சேர்ந்தால் "ரோ" அன்றி வேறென்ன? இறுதியில் னகரத்தின் முன் நிற்கவேண்டிய ஐகாரக் கொம்பு, பற்றுவதற்கு எழுத்தின்றி வெளியிலே தனித்து நின்றது. தெல்தோட்டையிலும் தகரத்துக்குரிய கொம்பு லகரத்திடம் போயிருந்தது. "கண்டி" மட்டும் சிறு சிராய்ப்புடன் தப்பியிருந்தது.

அவளை வியப்பில் ஆழ்த்தியது மற்றொன்று. அதே திரையில், தேசப்படத்தின் சட்டத்துக்கு வெளியே, தேடற் பெட்டியில், "பேராதனை" என்ற பெயர் பழுதின்றி எழுதப்பட்டிருந்தது. ஒரே கருவி, ஒரே கணம், ஒரே பெயர். சட்டத்துக்கு வெளியே சரி, உள்ளே பிழை. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையொன்றில் வரும் தேசப்படத்தைத் திறந்தபோது அங்கும் பெயர் சரியாகவே இருந்தது. இரு தேசப்படங்களும் ஒரே தரவிலிருந்து பிறந்தவை. அவ்வாறாயின் பெயர் எந்த இடத்தில் உடைந்தது? இவ்வினாவை அவள் விடுமுறை முழுவதும் விட்டாளில்லை.

தேடலின் முதற்படி சேமிப்பு. இரு படங்களுக்கும் மூலமாக இருந்தது, 2004இல் இங்கிலாந்தில் ஸ்ரீவ் கோஸ்ற் என்பவர் தொடக்கிய ஓப்பன் ஸ்ரீற் மப் என்னும் பொதுத் தரவுத்தளமாகும். தேசப்படம் என்றதும் அங்கே ஒரு பெரிய ஓவியம் இருப்பதாக எண்ணுதல் இயல்பு. உண்மையில் அங்கு ஓவியம் எதுவும் இல்லை. உள்ளவை புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அகலக்கோடு, ஒரு நெடுங்கோடு, தசமத்தின் பின் ஏழு இலக்கங்கள். புள்ளிகளைக் கோத்தால் வீதி. கோத்த கோடு தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் 1807ஆம் ஆண்டளவில் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் கட்டத் தொடங்கிய கண்டி வாவியின் கரை. ஒவ்வொன்றிலும் சிறு துண்டுச்சீட்டுகள் கட்டப்பட்டிருக்கும்: இது வீதி, இது நீர்நிலை, இதன் பெயர் இது. பெயருக்கான சீட்டுகளிற் பொதுவானது ஒன்றிருக்க, சிங்களத்துக்கொன்று, தமிழுக்கொன்று, ஆங்கிலத்துக்கொன்று எனத் தனிச்சீட்டுகளும் உண்டு. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிய நாட்டில், பெயர்ப்பலகைகளில் இன்றும் காணும் குறைகளை நோக்குமிடத்து, மூன்று மொழிக்கும் இடம் ஒதுக்கிய இத்தளத்தைப் பாராட்டாதிருத்தல் இயலாது. அவள் பேராதனையின் சீட்டைத் திறந்து பார்த்தாள். தமிழ்ப்பெயர் இருந்தது. பகரம், ஏகாரக் குறி, ரகரம், அரவு, தகரம், னகரம், ஐகாரக் குறி என்ற ஒழுங்கில் ஏழு குறியீடுகள். பிழை சேமிப்பில் இல்லை.

ஆயினும் அவ்வொழுங்கு ஈண்டு நோக்கத்தக்கது. தட்டச்சுப் பொறியில் தமிழ் அடித்தோரும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தோரும் கொம்பை முதலில் வைத்து அதன் பின்னரே மெய்யை வைத்தனர். கண் காணும் ஒழுங்கே கையின் ஒழுங்குமாயிற்று. கணினி உலகிற் பொதுவாக வழங்கும் யூனிகோட் முறையோ செவி கேட்கும் ஒழுங்கைப் பின்பற்றுவது. மெய் முதலில், உயிரின் குறி பின்னர். தமிழிலக்கணத்துக்கும் இதுவே இசைவானது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிப்பதாகவே இலக்கணிகள் கொண்டனர். ஆனால் இம்முறையின்படி எழுதப்பட்டதைக் கண்ணுக்குக் காட்டும் வேளையில் யாரேனும் ஒருவர் கொம்பை எடுத்து முன்னே வைத்தாகவேண்டும். ககரத்தையும் உகரக் குறியையும் உருக்கிக் "கு" என்ற ஒரே வடிவமாக்கவேண்டும். எழுத்துக்கூட்டல் என்று அப்பாயி சொன்னது இப்பணியையே. கணினியில் இப்பணி செய்யும் மென்பொருள்களுட் பெயர் பெற்றது ஹார்ப்பஸ் என்பதாகும்; குரோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகள் அதன் துணைகொண்டே தமிழ் எழுதுகின்றன. தேடற் பெட்டியில் பெயர் சரியாக இருந்தமைக்குக் காரணம் இதுவே.

அடுத்தது விநியோகம். 2005இல் கூகிள் நிறுவனம் தனது தேசப்படத்தை வெளியிட்ட காலந்தொட்டுப் பரவலான முறை இது: உலகம் முழுவதும் ஒரு சதுரம். அச்சதுரம் 256 புள்ளி அகலமும் 256 புள்ளி உயரமும் உடையது. ஒருபடி நெருங்கினால் அது நான்காகும். மேலும் ஒருபடி நெருங்கினால் பதினாறாகும். கூரைக்கு ஓடு வேய்வது போலத் திரையில் இவை அடுக்கப்படுவதால் இவற்றை ஓடுகள் எனலாம். பன்னிரண்டாம் படியில் உலகம் 1,67,77,216 ஓடுகளாகும். அவற்றுள் மேற்கிலிருந்து 2965ஆம் நிரலிலும் வடக்கிலிருந்து 1964ஆம் வரிசையிலும் உள்ள ஓட்டிற் கண்டி நகர் இருக்கின்றது. எண்ணுதல் சுழியத்திலிருந்து தொடங்கும். ஏறத்தாழ 9.7 கிலோமீற்றர் அகலமுள்ள அவ்வோட்டில் வாவியும் தலதா மாளிகையும் கட்டுகஸ்தோட்டையும் அடங்கும். பேராதனையோ அடங்காது, அது 1965ஆம் வரிசைக்குரியது. தேடும் ஊர் தாளின் விளிம்பைக் கடந்து விழும் பழைய வழக்கம் இங்கும் தொடர்கின்றது. வேறுபாடு யாதெனின், இங்கே ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பதினெட்டாம் படிக்குச் சென்றால் ஓடுகளின் தொகை 6,871 கோடியைத் தாண்டும். இவை அனைத்தையும் முன்கூட்டியே வரைந்து வைப்பார் அரிது. பெரும்பகுதி வெறுங்கடல், எவரும் கேட்பதில்லை. எனவே முதலில் ஒருவர் கேட்கும்போது வரைந்து, அடுத்தவர் கேட்கும்போது வரைந்ததையே கொடுப்பர். அதுவும் ஓரோடாக வரைவதில்லை. பக்கத்துக்கு எட்டாக 64 ஓடுகளை ஒரே துணியில் வரைந்து பின்னர் வெட்டுவர். ஊர்ப்பெயர் இரண்டு ஓடுகளிலும் பாதிபாதியாக விழுந்து சிதையாதிருக்க இஃது ஓர் உபாயம். ஒருமுறை வந்த ஓட்டைக் கைத்தொலைபேசியும் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ளும். புயல் நாட்களில் தொடர்புக் கோபுரங்கள் செயலிழந்த இடங்களில் முன்பு பார்த்த ஓடுகள் மட்டும் திரையில் நின்றதும், பாராத திசையெல்லாம் சாம்பற் சதுரங்களாகக் கிடந்ததும் இதனாலேயே. தான் நாள்தோறும் பார்த்த பேராதனைப் பக்கம் முழுமையாகத் தெரிய, வீடிருந்த மலை சாம்பலாகத் தெரிந்த அந்த இரவை மாணவி மறந்தாளில்லை.

மேற்கூறிய முறையில், ஓடு புறப்படும்போதே முடிந்த ஓவியம். சேவையகத்திலுள்ள மப்னிக் போன்ற மென்பொருள் வீதிக்கு நிறமிட்டு, பெயரை எழுத்துக்கூட்டி, படமாக அனுப்பிவிடும். உலாவிக்கு அதனை ஒட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை. விக்கிப்பீடியாப் படத்தில் பேராதனை பிழையின்றி இருந்தமைக்குக் காரணம் இதுவாகும். ஆனால் இம்முறைக்கு ஒரு குறையுண்டு. வரைந்தவர் எந்த மொழியில் எழுதினாரோ அதுவே எல்லார்க்கும். மொழிக்கொரு படம் வேண்டின் மொழிக்கொரு தொகுதி ஓடு வரையவேண்டும். விக்கிமீடியா 2018 முதல் அவ்வாறு வாசகர் மொழியில் வரைந்து கொடுக்கின்றது. எல்லாரும் அச்செலவை ஏற்பதில்லை.

இக்குறையைத் தீர்க்க வந்தது காவி ஓடு என்னும் புதுமுறை. இங்கு அனுப்பப்படுவது ஓவியம் அன்று; ஓவியத்துக்கான மூலப்பொருள். ஓட்டின் பக்கத்தை வழக்கமாக 4096 பங்காக்கி, வீதியின் ஒவ்வொரு வளைவும் எத்தனை பங்கு வலம், எத்தனை பங்கு கீழ் எனச் சுருக்கமாக எழுதி, பெயர்ச்சீட்டுகளையும் உடன் கட்டி அனுப்புவர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே பொதியில் வந்து சேரும். எதனைக் காட்டுவது என்பதைக் கையிலுள்ள கருவி தீர்மானிக்கலாம். படத்தைத் திருப்பினாலும் பெயர்கள் தலைகீழாகா. நெருங்கும்போது கோடுகள் மங்கா. தமிழ் வாசகருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எது? தரவுத்தளத்தில் மூலையிற் கிடந்த தமிழ்ச்சீட்டு முதன்முதலாக வாசகரின் கைக்கே வந்துவிடுகின்றது. அம்மாணவி அப்பாயிக்குக் காட்டிய படம் இவ்வகையைச் சேர்ந்தது. பெயர் சேவையகத்திலிருந்து சரியாகப் புறப்பட்டு, சரியாகவே கைத்தொலைபேசியையும் அடைந்தது என்பதை அவள் உறுதிசெய்தாள். உடைந்தது கடைசிப் படியில், வரைதலில்.

வரைதலில் நடப்பது இது. படத்தை விரலின் வேகத்துக்கு நகர்த்தவேண்டுமாயின், உலாவி வழக்கமாக எழுதும் முறை போதாது. எனவே விளையாட்டுகளுக்கென வளர்ந்த வரைகலைச் செயலியிடம் வேலை ஒப்படைக்கப்படுகின்றது. அச்செயலி முக்கோணங்களை மின்னல் வேகத்தில் வரையும். எழுத்து என்றால் யாதென அறியாது. அதற்காக எழுத்துகளை முன்கூட்டியே சிறு படங்களாக்கி, யூனிகோட் எண் வரிசையில் 256 எண்ணுக்கு ஒரு கோப்பாகக் கட்டி வைப்பர். 2816 முதல் 3071 வரையான கோப்பிலே தமிழ் இருக்கின்றது. ஒரியாவும் அதே கோப்பில் உடனிருக்கின்றது. பெயரொன்றை எழுதவேண்டின், முதற் குறியீட்டின் படத்தை எடுத்து வை, அதன் வலப்புறம் அடுத்ததை வை, அதன் வலப்புறம் அடுத்ததை வை என்பதே கட்டளை. உரோம எழுத்துக்கு இது போதும். தமிழுக்கு நேர்ந்ததே "பரோதன"வும் அதன் பின் தனித்து நின்ற கொம்பும். எழுத்துக்கூட்டும் மென்பொருள் அதே உலாவியினுள், ஒரு சுவருக்கு அப்பால் விழித்திருக்கின்றது. தேசப்படம் அதனை அழைப்பதில்லை.

பிற மொழிகள் இவ்விடரை எவ்வாறு கடந்தன என்பதும் ஆராயத்தக்கது. வலமிருந்து இடம் எழுதும் அரபுக்கும் ஹீப்ருவுக்கும் தனி இணைப்பு மென்பொருள் ஒன்று ஆக்கப்பட்டது. சீன எழுத்துகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றின் படங்களைக் கோப்பாக்கி அனுப்புதல் பெருஞ்சுமை. ஆதலின் சீன எழுத்தை மட்டும் உலாவியே தன்னிடமுள்ள எழுத்துருவால் வரைந்து கொடுக்க வழிசெய்தனர். தமிழ் இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டது. குறியீடுகள் மிகச் சில. ஒரு கோப்பின் பாதியிலும் சிறுபகுதியே. ஆதலின் சுமையென்று எவரும் முறையிடவில்லை. இடமிருந்து வலம் எழுதப்படுவது. ஆதலின் திசைச்சிக்கலும் தோன்றவில்லை. 216 உயிர்மெய்களும் அச்சிறு கோப்பினுள் அடங்காதிருப்பது, அதனை வாசிப்பவர்க்கன்றி வேறெவர்க்குத் தெரியும்? தேவநாகரி, கெமர், சிங்களம் முதலியவற்றுக்கும் நெடுங்காலம் இதே கதி. அண்மை ஆண்டுகளில் இதனைத் திருத்தும் முயற்சிகள் பல வழிகளில் நடைபெறுகின்றன. கூட்டெழுத்துகளையே முழுமையாகப் படமாக்கித் தனியெண் கொடுத்தல் ஒரு வழி. சீனத்துக்குச் செய்தது போல உலாவியிடமே எழுதுவித்து வாங்குதல் மற்றொரு வழி. பின்னதே செம்மையானது எனத் தோன்றுகின்றது. சுவரில் ஒரு கதவைத் திறந்துவிட்டாற் போதும், புதிதாக ஒருவனுக்கு எழுத்துக் கற்பிக்க வேண்டுவதில்லை. எவ்வழியாயினும், திருத்தம் ஒரு நூலகத்திற் செய்யப்பட்டால் மட்டும் போதாது. பழைய பதிப்பை வைத்திருக்கும் ஒவ்வொரு தேசப்படமும் புதுப்பிக்கப்படும் வரை கொம்புகள் இடம்மாறியே நிற்கும்.

கொம்பு இடம்மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்போர் இருக்கலாம். பழக்கமுள்ள கண் ஊகித்துக்கொள்ளும் என்பது உண்மையே. பல்கலைக்கழக மாணவிக்கு அது பேராதனை என்று தெரிந்தது. அப்பாயிக்குத் தெரியவில்லை. அவர் எழுத்துக் கற்ற காலத்துப் பாலபாடங்களில் "னை" என்பது யானைத் துதிக்கை போல ஒரே வடிவமாக மேலே வளைந்து கிடந்தது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச்சீர்திருத்தம் நாளடைவில் இங்கும் பரவ, அவர் அவ்வெழுத்தை மறுபடி கற்றார். ஒருமுறை மாறியதைக் கற்றுக்கொண்டவரிடம் பிழையையும் கற்றுக்கொள்ளச் சொல்வது முறையன்று. மேலும், மண்சரிவு நாளில் வழி தேடி வரும் ஓட்டுநரோ உறவினரோ ஊகித்து வாசிக்க நேரமுள்ளவர் அல்லர்.

விடுமுறையின் இறுதி இரவில் மாணவி விக்கிப்பீடியாப் படத்தைத் திறந்து அப்பாயியிடம் நீட்டினாள். "பே… ரா… த… னை" என்று அவர் கூட்டி, தலையசைத்தார். பின் விரலால் மெல்லத் தள்ளி, கலஹாவைக் கடந்து, தெல்தோட்டையை அடைந்து, அங்குமிங்கும் தேடினார். "நம்ம தோட்டம் எங்க, புள்ள?"

அங்கே பச்சை நிறம் மட்டுமே இருந்தது. பிரதான வீதியிலிருந்து பிரிந்து மேலேறும் பாதை ஒரு மெல்லிய கோடாக இருந்தது. லயன்கள் சில பெயரற்ற சாம்பல் நீள்சதுரங்களாக இருந்தன. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, எங்கோ இருந்து எவரோ நன்மனத்துடன் வரைந்தவை அவை. கூரையை வானிலிருந்து காணலாம்; பெயரைக் காண முடியாது.

மாணவி தரவுத்தளத்தில் தனக்கொரு கணக்குத் திறந்தாள். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயருண்டு. அது துரை வைத்தது, நிருவாக ஏடுகளில் உள்ளது. அதனை ஆங்கிலச் சீட்டில் எழுதினாள். சிங்களச் சீட்டைக் கடைத்தெருவிலுள்ள பஸ் பலகையைப் பார்த்து எழுதினாள். தமிழ்ச்சீட்டுக்கு வந்தபோது ஆங்கிலப் பெயரை ஒலிபெயர்ப்பதா, லயத்தார் வழங்கும் பெயரை எழுதுவதா என்று தயங்கி, அப்பாயியைக் கேட்டாள். அப்பாயி தமது மாமியார் காலத்திலிருந்து வழங்கிய பெயரைச் சொன்னார். அதன் முதலெழுத்தே கொம்பும் அரவும் ஏறியது, உடையக்கூடிய பெயர். அவள் அதனையே எழுதிச் சேமித்தாள்.

சேமித்ததும் தேசப்படத்தை மீளத் திறந்தாள். தொலைபேசி முன்பு சேமித்து வைத்த பழைய ஓட்டையே மறுபடியும் காட்டியது. பச்சை நிறமும் பெயரற்ற நீள்சதுரங்களும் அப்படியே இருந்தன. அப்பாயி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பேர் வந்ததும் எழுப்பச் சொல்லிப் படுத்துக்கொண்டார்.